பதினொரு நிமிடம்

பணிமனையில் எல்லாரும் அவளை மின்னலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. பேருந்துகளின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் ஆறு பெண்களில் அவள் ஒருத்தி. வயது நாற்பத்தாறு. வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம்.

ஒரு வண்டி வந்து நின்றதும் அவள் வேலையில் இறங்கும் வேகத்தைப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து முன்னால் ஒரே மூச்சாகப் பெருக்கிக்கொண்டு வருவாள். இருக்கை இடுக்குகளில் செருகிக்கிடக்கும் பழைய டிக்கெட்டுகளை இரண்டு விரலால் உருவுவாள். தரையில் ஒட்டிய சூயிங்கத்தைத் தட்டைச் சுரண்டியால் ஒரே தள்ளில் பெயர்ப்பாள். பிறகு ஈரத்துணி எடுத்துக் கம்பிகள், கைப்பிடிகள், கண்ணாடிகள். கடைசியில் தரையைத் துடைத்தபடியே பின்னோக்கி நடந்து முன்கதவில் இறங்குவாள். குடையை மறந்துவிட்டு இறங்கிய பயணி, அது நினைவுக்கு வந்து ஓடி வருவதற்குள் வண்டி காய்ந்துகொண்டிருக்கும்.

"கஷ்டமா இல்லையாக்கா?" என்று யாராவது கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு.

"இதெல்லாம் ஒரு வேலையா?"

காய்ச்சலோடு வந்த நாளிலும் அதையேதான் சொன்னாள். விரலில் கண்ணாடித் துண்டு குத்திய நாளிலும் அதையேதான் சொன்னாள், ஆனால் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு. அவளுடைய கணவர் சலூன் வைத்திருந்தார். முடி வெட்ட உட்கார்ந்தவர்கள் தப்பி ஓட முடியாது என்பதால் அத்தனை பேரிடமும் அவர் பெருமை பேசுவார். "என் வீட்டுக்காரி நடந்தா காத்துக்கே மூச்சு வாங்கும்."

அந்த வருடம் பணிமனை கைமாறியது. புதிதாக எடுத்து நடத்த வந்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். அறிவிப்புப் பலகையில் எல்லாமே ஆங்கிலத்தில் வர ஆரம்பித்தது. எதை ஒட்டினாலும் ஆறு பேரும் கூடி நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னவோ போட்டிருக்கான்" என்று கலைந்து போனார்கள். மின்னலக்காவுக்கு அது பிடிக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நடக்கும் ஆங்கில வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"உனக்கெதுக்குடி இந்த வயசுல இங்கிலீஷ்?" என்றார் கணவர்.

"நீங்க பேசுறதுக்கு நடுவுல எனக்கும் ஏதாவது பேச வேணாமா?"



இப்படி இருக்கும்போதுதான் அளவுக்காரர் வந்தார். நிறுவனம் அனுப்பிய ஆள். உயரமாக, ஒல்லியாக, கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பார். ஒரு பேருந்தைச் சுத்தம் செய்ய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது அவர் வேலை. அவருக்குத் தமிழ் தெரியாது.

அவர் வருகிறார் என்று மூன்று நாள் முன்பே மேனேஜர் சொல்லிவிட்டார். உடனே பணிமனையில் கல்யாணக் களை கட்டியது. ஆறு பேரும் செய்த காரியத்தை இப்போது நினைத்தால் அவர்களுக்கே சிரிப்பு வரும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோமே, அதைத்தான் செய்தார்கள். நூல் மாதிரி தண்ணீர் விழும் மூன்றாவது குழாயை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, காலையிலேயே பன்னிரண்டு வாளிகளிலும் தண்ணீர் பிடித்து வரிசையாக வைத்தார்கள். முந்தின நாளே சூயிங்கத்தையெல்லாம் சுரண்டித் தீர்த்தார்கள். மதிய ஓய்வில் பின்சீட்டில் முக்காடு போட்டுத் தூங்கும் ஓட்டுநர் ஒருவர் உண்டு, அவருக்குப் பட்டப்பெயரே போர்வையண்ணன். அவரைத் தட்டி எழுப்பிக் கேன்டீனுக்கு அனுப்பினார்கள். குப்பைத்தொட்டிப் பக்கம் இருக்கும், திறக்கவே திறக்காத பணிமனைப் பின்கதவுக்கு எண்ணெய் போட்டார்கள். அளவெடுப்பதற்கென்று கூட்டமே ஏறாத தடத்தில் ஓடும் வண்டியாகப் பார்த்து நிறுத்தினார்கள்.

"யாரு செய்யப் போறா?" என்று மேனேஜர் கேட்டார்.

ஐந்து பேரும் ஒரே பக்கம் கை நீட்டினார்கள்.

மின்னலக்கா சேலையை இழுத்துச் செருகினாள். அளவுக்காரர் பொத்தானை அழுத்தினார். பிறகு நடந்ததைப் பற்றிப் பணிமனையில் வெகுநாள் பேசினார்கள். அவள் முன்கதவில் இறங்கியபோது ஐந்து பேரும் கைதட்டினார்கள், மேனேஜரும் சேர்ந்து தட்டினார். அளவுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வெரி குட்" என்று சொல்லி, தாளில் ஒரு எண்ணை எழுதினார். பதினொன்று.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனபோது அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அளவுக்காரரே வந்து பலகையில் ஒரு தாளை ஒட்டினார். மின்னலக்கா விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். முதல் வரியிலேயே பதினொன்று என்ற எண் இருந்தது. அடடா, நம்மைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். மூன்றாவது வரிக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது.

"என்னடி போட்டிருக்கு?" என்றாள் பெரியக்கா.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் பதினொரு நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை. நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள்.

பெரியக்கா ஆறு பேரில் மூத்தவள். ஐம்பத்தேழு வயது. வலது முழங்கால் மடங்காது. ஒவ்வொரு படியிலும் கம்பியைப் பிடித்து, இடது காலை வைத்து, வலது காலை இழுத்துக்கொள்வாள். ஆனால் அவள் துடைத்த கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஒரு வண்டிக்கு அவளுக்குப் பதினெட்டு நிமிடம் ஆகும். கிடங்குக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும், அங்கே நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். அந்தக் காலுக்கு அது நடக்கிற காரியம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

பெரியக்கா கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"சரி விடு. அன்னைக்குக் கை தட்டுனதுல என் கைதான் ரொம்பச் சத்தமா கேட்டுச்சு."

திட்டியிருந்தாலாவது மின்னலக்கா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நேராக மேனேஜரின் அறைக்குப் போனாள். அளவுக்காரர் அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இவருகிட்ட நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. அன்னைக்கு நாங்க பண்ணுனது நிஜமான வேலை இல்லை. மூணாவது குழாயில ஒரு வாளி நிறைய நாலு நிமிஷம் ஆகும். மத்த ரெண்டு குழாயும் வண்டி கழுவுறவங்க புடிச்சுக்குவாங்க. பின்கதவு திறக்காது. ஸ்கூல் புள்ளைங்க ஏறுற வண்டின்னா பென்சில் சீவுன குப்பையே ஒரு முறம் இருக்கும். போர்வையண்ணன் எந்திரிக்கவே மாட்டாரு. பெரியக்காவுக்கு முட்டி வலி. அதனால பதினோரு நிமிஷம்ங்கிறது ஆகாத காரியம்னு சொல்லுங்க."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அளவுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஷி சேஸ், லிட்டில் ப்ராப்ளம். பட் ஓகே. தேங்க் யூ."

அளவுக்காரர் புன்னகைத்துத் தலையாட்டினார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"என்ன சார், நான் இவ்வளவு சொன்னேன், நீங்க இத்துனூண்டு சொல்லியிருக்கீங்க?"

மேனேஜர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனக்கே அவ்வளவுதாம்மா வரும்" என்றார்.

அந்த வியாழக்கிழமை வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு நடப்பது ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முன்னறையில். சுவரெல்லாம் சாலைக் குறிகள். வளைவு, மேடு, நுழையாதே. பாடம் நடத்துகிறவள் பகலில் மருந்துக்கடையில் நிற்கும் இருபத்து நாலு வயதுப் பெண். மருந்து எடுத்துக்கொடுக்கும் பழக்கத்தில் பாடத்தையும், "இது காலையில ரெண்டு தடவை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை" என்றுதான் சொல்லுவாள்.

மின்னலக்கா நடந்ததைச் சொன்னாள். "ஒரு வேலையை எது கஷ்டமாக்குதுன்னு இங்கிலீஷ்ல எப்படிம்மா சொல்றது? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். அன்றைக்கு நடத்த வேண்டியிருந்த பாடத்தை மூடி வைத்தாள். பலகையில் நாலு கட்டம் போட்டாள்.

"எல்லாரும் கவனிங்க. முதல் கட்டத்துல குற்றவாளி. யாரு, எது இடைஞ்சல் பண்ணுதோ அது. ரெண்டாவது கட்டத்துல 'மேக்ஸ் இட் ஹார்ட்'. இன்னும் மோசம்னா 'ஹார்டர்'. மரியாதையா சொல்லணும்னா 'டிஃபிகல்ட்'. மூணாவது கட்டத்துல யாருக்குக் கஷ்டம்னு சொல்லணும், 'ஃபார் மீ', 'ஃபார் ஹர்'. நாலாவதுல என்ன வேலைங்கிறது, முன்னாடி ஒரு 'டு' போட்டு. அவ்வளவுதான். சாமானை மாத்தி மாத்திப் போட்டுக்க வேண்டியதுதான்."

முதல் பெஞ்சில் இருந்த பால்காரர் கை தூக்கினார். "தி டாக் மேக்ஸ் இட் ஹார்ட் ஃபார் மீ டு ரிங் தி பெல்."

"சபாஷ் அண்ணே. எந்த வீட்டு நாய்?"

"எல்லா வீட்டு நாயும்தாம்மா."

மின்னலக்கா பலகையை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். முதல் கட்டம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை வருடமாக வேலையில் எது தடுக்கினாலும், எங்கே தன் கை மெதுவாகிவிட்டதோ என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். குழாயைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, நீதான் காரணம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றியதே இல்லை. தமிழில் சொல்ல முடியாததில்லை. அவள்தான் சொன்னதில்லை.

"பத்து வாக்கியம் எழுதிட்டு வாங்க. வேற வேற குற்றவாளி வேணும்" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. மின்னலக்காவுக்கு அந்த எட்டு நாளும் வாய் ஓயவில்லை. கண்ணாடி துடைக்கும்போது ஒரு வாக்கியம், வாளி நிறையும் வரை ஒரு வாக்கியம். மூன்றாவது குழாயில் வாளி நிறைவதற்குள் எழுதிய அத்தனையையும் இரண்டு முறை சொல்ல முடிந்தது. வீட்டிலும் அதே பாட்டுதான். ஒருநாள் காலையில் கணவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் நின்று சொல்லிப் பார்த்தாள்.

"மை ஹஸ்பண்ட் மேக்ஸ் இட் டிஃபிகல்ட் ஃபார் மீ டு ஸ்லீப்."

அவர் கை நின்றது. "இப்ப ஹஸ்பண்ட்னு ஏதோ வந்துச்சே. நல்லதா, கெட்டதா?"

"வீட்டுப்பாடம்."

"அது தெரியுது. நல்லதா, கெட்டதா?"

"நீங்க குறட்டை விடுறதால எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதுன்னு அர்த்தம்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இதை வாத்தியாரம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுவியா?"

"பத்துல அது எட்டாவது."

"பால்காரன் இருப்பானேடி அங்க! நாளைக்கு ஊரு முழுக்கப் பாலோட சேத்து ஊத்திடுவான்."

அவள் சிரித்தாள். ஆனால் ஒன்பதோடு நின்றுபோயிருந்தது அவளுக்கு. குழாய், கதவு, சூயிங்கம், தூங்கும் ஓட்டுநர், பென்சில் குப்பை, முற்றத்தின் சரிவு, பெரியக்காவின் முழங்கால், குறட்டை, உடைந்த துடைப்பம். பத்தாவது குற்றவாளி யார்? யோசிக்க யோசிக்க ஒரே முகம்தான் முன்னால் வந்து நின்றது. அதை எழுதப் பேனா நகரவில்லை. நோட்டை மூடிவிட்டாள். மறுநாள் வகுப்பில் வாசித்தபோதும் ஒன்பதுதான் வாசித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அளவுக்காரரும் வந்தார். ஆறு பேரும் வண்டிகளின் நிழலில் நின்றார்கள். மேனேஜர், தன்னை மொழிபெயர்க்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் தூணுக்குப் பின்னால் பாதியாக நின்றார்.

மின்னலக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். எட்டு நாள் பழகிய அத்தனையும் ஒரு நொடி எங்கேயோ போய்விட்டது. ஸ்டாப்வாட்ச் மட்டும்தான் கண்ணில் பட்டது. பிறகு பலகையில் போட்ட நாலு கட்டம் நினைவுக்கு வந்தது.

"சார். தி தேர்ட் டேப் மேக்ஸ் இட் ஹார்ட் ஃபார் அஸ் டு ஃபில் தி பக்கெட்."

அளவுக்காரர் நிமிர்ந்தார். அவள் தமிழில் பேசியபோது தலையாட்டிப் புன்னகைத்த மனிதர், இப்போது பேனாவை எடுத்தார்.

அவள் கதவைச் சொன்னாள். சூயிங்கத்தைச் சொன்னாள். தூங்குகிறவர் பெருக்க விடுவதில்லை என்றாள். ஒவ்வொன்றுக்கும் கை நீட்டிக் காட்டினாள். போர்வையண்ணன் பக்கம் கை நீண்டபோது, வண்டி ஜன்னலில் தெரிந்த அவர் தலை உள்ளே போய்விட்டது. எட்டு வாக்கியம் ஆயிற்று, குறட்டையை மட்டும் விட்டுவிட்டாள். அளவுக்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு தாளைப் புரட்டி, பழைய எண்ணைக் காட்டினார். அவர் கேட்டதில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது. ஆனால் கேள்வி என்னவென்று தெரிந்துவிட்டது. இவ்வளவு இடைஞ்சல் இருந்தும் நீ பதினொரு நிமிடத்தில் முடித்தாயே, எப்படி?

அவள் திரும்பிப் பெரியக்காவைப் பார்த்தாள். பெரியக்கா வண்டியின் படியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் விடு என்பதுபோல் கையசைத்தாள்.

அந்தப் பதினொன்று மின்னலக்காவின் பத்தொன்பது வருடம். அதைப் பொய் என்று சொல்வதற்கு, கண்ணாடித் துண்டு குத்திய நாளைவிட அதிகமாகப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

"தட் டே, நோ ரியல் டே" என்றாள். "வீ ஹைட் எவ்ரிதிங். டேப், டோர், டிரைவர். ஆல் ஹைட்." பெரியக்காவைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சில் கை வைத்தாள். "ஐ மேக் இட் ஹார்ட் ஃபார் ஹர் டு ஸ்டே."

பத்தாவது வாக்கியம். குற்றவாளியின் கட்டத்தில் அவளே போய் நின்றுவிட்டாள்.

அளவுக்காரர் பேனாவை மூடினார். அவளைத் தாண்டி நடந்து போய், ஒரு காலி வாளியை எடுத்தார். மூன்றாவது குழாய்க்கு அடியில் தானே வைத்து, குழாயைத் திறந்து, ஸ்டாப்வாட்சை அழுத்தினார். தண்ணீர் நூலாக விழுந்தது. அவர் வாளியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி வாளியைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆனதும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். இரண்டு நிமிடம் ஆனதும் குழாயை இன்னும் திருகிப் பார்த்தார். அது அதற்குமேல் திரும்பாது.

"பாவம், உக்கார ஏதாவது போடுங்கடி" என்றாள் பெரியக்கா. எல்லாரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அவருக்குப் புரியாவிட்டாலும் அவரும் சிரித்தார்.

நாலு நிமிடம் பத்து விநாடி.

அதன் பிறகு அவர் அப்போதுதான் உள்ளே வந்த பள்ளிக்கூட வண்டியைக் காட்டினார். அடுத்து, பெரியக்காவைக் காட்டினார். பெரியக்கா எதையும் ஒளிக்கவில்லை. இடது காலை வைத்து, வலது காலை இழுத்து ஏறினாள். பென்சில் குப்பையைக் கூட்டினாள். பின்சீட்டில் போர்வையண்ணனும் மேனேஜர் சொன்னபடி ஒழுங்காகப் படுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தூங்குவதற்கு உத்தரவு கிடைத்ததில் அவருக்குத் தூக்கமே வரவில்லையாம், கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததாகப் பிறகு சொன்னார். அளவுக்காரர் வண்டிக்குள் ஏறி நின்று கடைசிவரை பார்த்தார். இறங்கும்போது பெரியக்கா துடைத்த கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் புதுத் தாள் வந்தது. இந்த முறை மின்னலக்காவைச் சுற்றி ஐந்து பேரும் நின்றார்கள், அவள் விரல் வைத்துப் படித்தாள். நிறைந்த வாளியோடு ஆரம்பித்தால் ஒரு வண்டிக்குப் பதினெட்டு நிமிடம். மூன்றாவது குழாய்க்குப் புதுக் குழாய் வரும். ஓட்டுநர்கள் ஓய்வறையில்தான் படுக்க வேண்டும். கதவைப் பற்றி ஒன்றுமே இல்லை. அது இன்றுவரை திறப்பதில்லை.

கிடங்குக்கு யாரும் போகவில்லை. பெரியக்கா அந்தத் தாளுக்கு முன்னால் இன்னொரு தடவை கை தட்டினாள், இந்த முறை மெதுவாக.

மின்னலக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன வருத்தம் இல்லாமல் இல்லை. பதினொன்று என்ற எண்ணைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. சலூனில்கூடக் கணவர் காற்று மூச்சு வாங்கும் கதையை விட்டுவிட்டு, "என் வீட்டுக்காரி இங்கிலீஷ்ல பேசினா வெள்ளைக்காரனே வாளி புடிப்பான்" என்று ஆரம்பித்துவிட்டார். அளவுக்காரர் வெள்ளைக்காரர் இல்லை என்று யாரும் அவரைத் திருத்தவில்லை, கத்தி அவர் கையில் இருந்தது.

ஒன்றாம் தேதி காலையில் அவள் தன் முதல் வண்டியைப் பழக்கத்தில் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள். அடுத்த வண்டி வர இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். மறுபடி எடுத்தாள். சுத்தமாக இருந்த கைப்பிடியை ஒருமுறை துடைத்தாள். வாளியை இங்கிருந்து அங்கே வைத்தாள். முன்னதாகவே வந்திருந்த பக்கத்து வண்டியை முடித்துவிட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் மின்னலு, இங்க வந்து உக்காருடி."

அவள் வந்து படியின் நுனியில், எழுந்து ஓடப்போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"நல்லா உக்காரு. சும்மா இருக்கணும், அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு வேலையா?"

மின்னலக்கா முதுகைச் சாய்த்துப் பார்த்தாள். கையை மடியில் வைத்துப் பார்த்தாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"கொஞ்சம் கஷ்டமாத்தான்க்கா இருக்கு" என்றாள்.